ஸ்னோ டிரிஃப்ட் லோடு: மேல் கூரையை மட்டும் பார்த்துட்டு விட்டுடாதீங்க

அமெரிக்கா ப்ராஜெக்ட்ல கூரை டிசைன் பண்றப்போ பலர் ஸ்னோ லோடை, அதாவது பனியோட எடையை, கூரை முழுக்க ஒரே அளவா போட்டுட்டு அடுத்த வேலைக்குப் போயிடுறாங்க. பனி அப்படி நிக்காதுங்க, தேரிக்காட்டு மணல் மாதிரி காத்தோட நகர்ந்து போய் சுவரோ பாரபெட்டோ (கூரை ஓரத்துக் கைப்பிடிச் சுவர்) எங்க மறிக்குதோ அங்க குவிஞ்சிடும். இந்தக் குவியல்தான் டிரிஃப்ட்.

டிரிஃப்ட் போடுறவங்களும் வழுக்குற இடம் ஒண்ணு இருக்கு. உயரமான கூரையை ஒட்டி தாழ்வான கூரை இருந்தா, மேல் கூரைப் பனி கீழ் கூரையில விழுறதை மட்டும் கணக்குப் பண்ணுவாங்க, காத்து எதிர்ப்பக்கம் அடிச்சா கீழ் கூரைப் பனியே சுவர்ல போய் மோதி குவியுமேன்னு தோணாது. ஏ.எஸ்.சி.இ 7-16 (அமெரிக்க லோடு கோடு) படி ஒரு கணக்கு: கிரவுண்ட் ஸ்னோ (தரையில படியுற பனியோட லோடு) 30 பி.எஸ்.எஃப் (சதுர அடிக்கு பவுண்டு), காத்து அடிக்கிற திசையில மேல் கூரை நீளம் 30 அடி, கீழ் கூரை நீளம் 200 அடி, மத்த ஃபேக்டர் எல்லாம் 1. முதல் வகையில டிரிஃப்ட் உயரம் 1.9 அடிதான் வரும். எதிர்க்காத்துல, கோடு சொல்ற 0.75 ஆல பெருக்கிக் குறைச்ச பிறகும், 3.6 அடி! பனி அடர்த்தி 17.9 பி.சி.எஃப் (கன அடிக்கு பவுண்டு), அதனால சுவரோரம் டிரிஃப்ட் மட்டும் 65, அதோட கூரை முழுக்க சமமா இருக்குற சாதா லோடு 21 சேர்த்தா 86 பி.எஸ்.எஃப், சாதா லோடைப் போல நாலு மடங்கு. அந்த டிரிஃப்ட் முக்கோணமா குறைஞ்சு சுவர்ல இருந்து 14.5 அடியில பூஜ்ஜியம் ஆகும்.

அதே கேஸ்ல சாதா பனிக்கு மேல சுவர் 3 அடிதான் தெரியுதுன்னா உயரத்தை 3 அடிக்கு வெட்டுறது சரி, ஆனா அகலத்தை 14.5லயே விட்டா தப்பு, வெட்டுன பனி பக்கவாட்டுல பரவும்ல, அகலம் 17.5 அடி ஆகும்.

கோடு சொல்ற மினிமம் பனி லோடு மேல டிரிஃப்ட்டை ஏத்தாதீங்க, மினிமம் தனி கேஸ். கூரை மேல வைக்கிற ஏசி யூனிட் 15 அடிக்கு மேல நீளமா இருந்தா அதுக்கும் டிரிஃப்ட் உண்டு, மெக்கானிக்கல் டிராயிங் லேட்டா வரும்கிறதால இது அடிக்கடி விட்டுப்போகுது.

அதே கோடோட அடுத்த பதிப்பு 7-22ல கிரவுண்ட் ஸ்னோ மதிப்பே ஸ்ட்ரென்த் லெவல்ல (மேற்கொண்டு பெருக்க வேண்டாத அளவுல) இருக்கு, அதனால லோடு ஃபேக்டர் (பாதுகாப்புக்காக லோடைப் பெருக்குற எண்) 1.0. பழைய மேப் நம்பரை எடுத்து 1.0 போட்டா கூரை வீக், புது நம்பருக்கு பழைய ஃபேக்டர் 1.6 போட்டா ஸ்டீல் வேஸ்ட். டிரிஃப்ட் ஃபார்முலாவும் மாறிடுச்சு, குளிர்காலக் காத்துக்குன்னு தனி நம்பர் ஒண்ணு உள்ள வந்திருக்கு, அதனால பழைய எக்செல் ஷீட்டை அப்படியே ஓட்டாதீங்க.

பழைய தாழ்வான ஷெட் பக்கத்துல புதுசா உயரமா கட்டுறீங்கன்னா அந்த ஷெட் கூரையையும் செக் பண்ணுங்க. அது கட்டுனப்போ பக்கத்துல சுவரே இல்ல, டிரிஃப்ட்டுக்குன்னு யாரும் அதுல பர்லின் (கூரை ஷீட்டைத் தாங்குற குறுக்குச் சட்டம்) போட்டிருக்க மாட்டாங்க.