ஒளி மாசு ஃபில்டர்: முதல் ஃபில்டரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

தெருவிளக்குகளால் வெளுத்த வானத்தை இருட்டாக்க நான் முதன்முதலில் வாங்கிய ஒளி மாசு ஃபில்டரை, தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்க்கும் வில்லைக் குழாயான ஐபீஸில் திருகிவிட்டு ஆண்ட்ரோமீடா கேலக்ஸியைப் பார்த்தபோது, அது முன்பைவிட மங்கலாகத்தான் தெரிந்தது. அந்தக் கண்ணாடியில் எந்தக் குறையும் இல்லை. எந்தப் பொருளைப் பார்க்கப் போகிறேன் என்று முடிவு செய்யாமல், தெருவிளக்கை மட்டும் மனத்தில் வைத்துக்கொண்டு வாங்கியதே தவறு. தொலைநோக்கியைக் கையாளத் தெரிந்து, நெபுலாக்களையும் (விண்வெளியின் வாயு, தூசி மேகங்கள்) கேலக்ஸிகளையும் கண்ணால் பார்க்கத் தொடங்கியிருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். கேமராவுக்கான தேர்வு வேறு. அது இங்கே இல்லை.

படி 1: பார்க்க விரும்பும் பொருள்களை எழுதுங்கள்

1864-இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ், டிராகோ விண்மீன் குழுவிலுள்ள என்.ஜி.சி. 6543 (என்.ஜி.சி. என்பது ஒரு வான்பொருள் பட்டியல்) என்னும் நெபுலாவின் ஒளியை, அதை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் நிறமாலைமானி வழியே பார்த்தபோது, விண்மீன்களில் காண்பதுபோன்ற தொடர்ச்சியான வண்ணப்பட்டை தெரியவில்லை. தனித்தனிப் பிரகாசமான கோடுகளே தெரிந்தன. அவற்றுள் முதன்மையான பச்சைக் கோடுகள் பூமியில் அறியப்படாத ஏதோவொரு தனிமத்துடையவை என்று நெடுங்காலம் கருதப்பட்டு வந்தது. இரண்டு எலக்ட்ரான்களை இழந்த ஆக்சிஜனே அவற்றை உமிழ்கிறது என்பதை 1927-இல் இயற்பியலாளர் ஐரா போவன் விளக்கினார். ஃபில்டர் பயன்படுவதற்கான அடிப்படை இதுதான். ஓரியன், லகூன், வெய்ல், டம்பெல் போன்ற உமிழ்வு நெபுலாக்களும், இறக்கும் விண்மீன்கள் உதறிய வாயுக்கூடுகளான கோள்வடிவ நெபுலாக்களும் தங்கள் ஒளியைச் சில குறுகிய அலைநீளங்களில் குவித்துத் தருகின்றன. ஆக்சிஜனின் 495.9, 500.7 நானோமீட்டர் கோடுகளும் ஹைட்ரஜனின் 486.1 நானோமீட்டர் கோடும் நமக்கு முக்கியமானவை. இருளுக்குப் பழகிய கண் மிகுதியாக உணர்வதும் ஏறத்தாழ 507 நானோமீட்டர் அருகில் என்பதால், இந்தப் பகுதியை மட்டும் உள்ளே விட்டு மற்றதைத் தடுத்தால் பின்னணி வானம் இருண்டு, நெபுலா எடுப்பாகத் தெரிகிறது.

கேலக்ஸிகள், விண்மீன் கொத்துகள், கார்த்திகைக் கூட்டத்தை (பிளையடீஸ்) சூழ்ந்திருப்பது போன்ற பிரதிபலிப்பு நெபுலாக்கள் ஆகியவை தருவதெல்லாம் விண்மீன் ஒளி. அது எல்லா நிறங்களிலும் பரவியிருக்கிறது. வானத்தை வெட்டும் ஃபில்டர் அவற்றையும் சேர்த்தே வெட்டிவிடும். உங்கள் பட்டியலில் கேலக்ஸிகளே அதிகம் என்றால், ஃபில்டருக்கான பணத்தை இருண்ட இடத்துக்குப் பயணம் செய்யச் செலவிடுங்கள்.

படி 2: உங்கள் தெருவிளக்கைச் சோதியுங்கள்

ஒரு பழைய குறுந்தகட்டைக் கையில் எடுத்துக்கொண்டு, தொலைவிலுள்ள தெருவிளக்கின் ஒளி அதன் பளபளப்பான பக்கத்தில் படும்படி சாய்த்துப் பாருங்கள். வண்ணங்களுக்கிடையே கறுப்பு இடைவெளிகள் தெரிந்தால் அது சோடியம் அல்லது பாதரச ஆவி விளக்காக இருக்கலாம். நீலத்திலிருந்து சிவப்புவரை இடைவெளியின்றி ஓடினால் அது வெள்ளை எல்.இ.டி. விளக்கு. பெரும்பாலான நிறங்களை உள்ளே விடும் அகன்ற பட்டை ஃபில்டர்கள் பழைய விளக்குகளின் குறிப்பிட்ட கோடுகளைத் தடுப்பதற்காகவே வடிவமைக்கப்பட்டவை, எல்.இ.டி. ஒளிக்கு முன் அவை பெரிதும் வலுவிழந்துவிடுகின்றன. ஆகவே இன்று அகன்ற பட்டை ஃபில்டரை முதல் ஃபில்டராக வாங்கும்படி நான் யாருக்கும் சொல்வதில்லை.

படி 3: வகையைத் தேர்ந்தெடுங்கள்

முதல் ஃபில்டர் யூ.எச்.சி. (அல்ட்ரா ஹை கான்ட்ராஸ்ட்) வகையாக இருக்கட்டும். மேலே சொன்ன மூன்று கோடுகளையும் சுமார் 25 நானோமீட்டர் அகலத்துக்குள் அனுமதிப்பதால், பெரும்பாலான உமிழ்வு நெபுலாக்களுக்கு அது பொருந்தும். இரண்டாவதாக ஓ-த்ரீ வாங்கலாம். ஆக்சிஜன் கோடுகள் இரண்டை மட்டும் விடும் அது, வெய்ல் நெபுலாவிலும் பல கோள்வடிவ நெபுலாக்களிலும் யூ.எச்.சி.யை விஞ்சுகிறது. ஹைட்ரஜன் கோட்டை மட்டும் விடும் எச்-பீட்டா வகை குதிரைத்தலை, கலிஃபோர்னியா போன்ற மிகச் சில நெபுலாக்களுக்கே உதவும் என்பதால் அதைத் தள்ளிப்போடுங்கள்.

வாங்கும்போது பெயரை நம்பாமல், ஒளி ஊடுருவலைக் காட்டும் வரைபடத்தைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். யூ.எச்.சி. என்று அச்சிடப்பட்டிருந்தும் இருமடங்கு அகலமான பட்டையைக் கொண்ட ஃபில்டர்கள் விற்பனையில் உண்டு. 500.7 நானோமீட்டரில் 90 விழுக்காட்டுக்கு மேல் ஒளி கடக்கிறதா என்பதே நான் முதலில் பார்ப்பது. ஆஸ்ட்ரோனமிக், லூமிகான் ஆகிய இரண்டு பிராண்டுகளும் என் விருப்பத் தேர்வுகள். அளவு உங்கள் ஐபீஸின் குழாயைப் பொறுத்தது: 1.25 அங்குலம் அல்லது 2 அங்குலம்.

படி 4: ஐபீஸை மாற்றுங்கள்

என்னைப் பல இரவுகள் தடுத்து நிறுத்திய படி இதுதான். சரியான ஓ-த்ரீ ஃபில்டரை வாங்கிய பிறகும், 10 மி.மீ. ஐபீஸில் அதைப் பொருத்தி வெய்ல் நெபுலாவைத் தேடியபோது கறுப்பைத் தவிர எதையும் நான் காணவில்லை. காரணம், ஐபீஸிலிருந்து வெளிவரும் ஒளிக்கற்றையின் விட்டம். இதை எக்ஸிட் பியூபில் என்பார்கள். ஐபீஸின் குவியத் தூரத்தைத் தொலைநோக்கியின் குவிய விகிதத்தால் (எஃப்/6 என்பதில் 6) வகுத்தால் அது கிடைக்கும். என்னுடையது 8 அங்குல எஃப்/6 தொலைநோக்கி. அதில் 10 மி.மீ. ஐபீஸ் தருவது 1.7 மி.மீ. கற்றை, 32 மி.மீ. ஐபீஸ் தருவது 5.3 மி.மீ. கற்றை. பரப்பளவில் இது ஏறத்தாழ பத்து மடங்கு வேறுபாடு. பரந்த நெபுலாவின் ஒளிர்வும் கண்ணில் அதே அளவு கூடுகிறது. 32 மி.மீ. ஐபீஸுக்கு மாற்றிய இரவில், வெய்ல் நெபுலாவின் ஒரு பகுதியான என்.ஜி.சி. 6992-இன் வளைந்த நரம்புகள், முறுக்கிப் பிரித்த பஞ்சிழைகள்போல் பார்வைப் புலத்தின் குறுக்கே படர்ந்திருந்தன. யூ.எச்.சி.க்கு 2 முதல் 5 மி.மீ., ஓ-த்ரீக்கு 3 முதல் 7 மி.மீ. வரையிலான கற்றை எனக்குப் பொருந்துகிறது. ரிங் நெபுலாவைப் போன்ற சிறிய, பிரகாசமான பொருள்களுக்கு மட்டும் இந்த வரம்பைத் தாண்டி உருப்பெருக்கலாம்.

படி 5: ஒப்பிட்டுப் பாருங்கள்

குறைந்தது அரை மணி நேரம் கண்ணை இருளுக்குப் பழக்குங்கள். பிறகு ஃபில்டரைத் திருகாமல், அதன் விளிம்பை விரல்களால் பிடித்துக் கண்ணுக்கும் ஐபீஸுக்கும் இடையில் கொண்டுவந்து எடுங்கள். விண்மீன்கள் மங்க, நெபுலா மங்காமல் நிற்கும். எந்த மங்கல் திட்டு நெபுலா என்பது ஒரே நொடியில் விளங்கிவிடும். ஃபில்டரைச் சாய்த்துப் பிடித்தால் அதன் பட்டை நீலப் பக்கம் நகர்ந்துவிடுவதால், தட்டையாகவே பிடிக்க வேண்டும்.

பின்னர் சேர்த்தது: இதைப் படித்துவிட்டுச் செய்து பார்த்த சிலர், ஃபில்டர் பாதி திருகியதும் சிக்கிக்கொள்வதாக எழுதியிருந்தார்கள். எல்லா ஐபீஸ்களின் மரையும் ஒரே சீராக இருப்பதில்லை. சிக்கினால் அழுத்தாதீர்கள், முதலில் எதிர்த்திசையில் மெல்லச் சுற்றி, மரை உட்கார்ந்ததற்கான சிறு அசைவு விரலில் தெரிந்த பிறகு திருகுங்கள். ஐபீஸை மாற்றும்போதெல்லாம் இதைச் செய்வது சலிப்பாக இருந்தால், டயகனலின் (ஐபீஸுக்கு முன் ஒளியைத் திருப்பும் கண்ணாடிப் பெட்டி) முன்பக்கக் குழாயில் மரை இருக்கிறதா என்று பாருங்கள். அங்கே ஒருமுறை பொருத்திவிட்டால் எல்லா ஐபீஸ்களுக்கும் அதுவே போதும்.

இன்னொருவர் இதே ஃபில்டரால் சூரியனைப் பார்க்கலாமா என்று கேட்டிருந்தார். ஒருபோதும் கூடாது. இவை சூரிய வெப்பத்தையும் அகச்சிவப்புக் கதிர்களையும் தடுக்க உருவாக்கப்பட்டவை அல்ல. ஒரு கணத்தில் பார்வை நிரந்தரமாகப் போய்விடும். சூரியனுக்கு, தொலைநோக்கியின் முன்வாயை முழுவதும் மூடும் தனி ஃபில்டர் வேண்டும்.