கண்ணை மூடுவதற்கு முன்: தியானத்தில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கும்பகோணத்திலோ மாயவரத்திலோ தியான வகுப்பில் சேர்ந்து இரண்டே வாரத்தில் நின்றுவிட்டவர்களிடம் காரணம் கேட்டால், பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும்: "நமக்கு ஒத்து வரலைங்க, மனசு நிக்க மாட்டேங்குது." அவர்கள் மனசில் கோளாறு எதுவும் இல்லை. தங்கள் உடம்புக்கும் நிலைமைக்கும் பொருந்தாத முறையைப் பிடித்துக்கொண்டதுதான் பிரச்சினை.

டெல்டாவில் தியானத்துக்குப் பஞ்சமே கிடையாது. திருமூலர் திருவாவடுதுறையில் இருந்துதான் திருமந்திரம் பாடினார் என்பது மரபு. நாகப்பட்டினத்தில் ராஜராஜன் காலத்திலேயே சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளி எழுந்தது. இன்றைக்கு ஊர்களில் வேதாத்திரி மகரிஷியின் மனவளக்கலை மன்றங்கள் இருக்கின்றன. போதாததற்குக் கைபேசியில் செயலிகளும் காணொளிகளும் குவிந்து கிடக்கின்றன. இத்தனையில் எதை எடுப்பது என்று தெரியாமல் திங்கள்கிழமை ஒன்று, வியாழக்கிழமை இன்னொன்று என்று மாற்றிக்கொண்டே இருப்பவர்கள் அதிகம். எந்த முறையாக இருந்தாலும் அது பிடிபடச் சில வாரங்கள் ஆகும். அமெரிக்காவில் ஜான் கபாட்-ஜின் 1979-ல் மன அழுத்தம் குறைக்கத் தொடங்கிய பயிற்சி இன்று உலகம் முழுக்கச் சொல்லித்தரப்படுகிறது. அதுவே 8 வாரப் பயிற்சிதான். அந்த அளவுக்காவது ஒரே முறையில் இருந்து பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இனி, மனசு நிற்கவில்லை என்ற புகாருக்கு வருவோம். எண்ணமே வராத வெற்று நிலைதான் தியானம் என்ற நினைப்பு எப்படியோ எல்லோருக்குள்ளும் புகுந்துவிட்டது. மூச்சைக் கவனிக்கும் பயிற்சியில் உங்கள் வேலை மிகவும் எளிது. மூக்கு நுனியிலோ வயிற்றிலோ மூச்சு வந்து போவதைக் கவனிக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் மனசு கூட்டுறவுக் கடனுக்கோ பெண்ணின் கல்யாணத்துக்கோ போய்விடும். போய்விட்டது என்று தெரிந்ததும் மறுபடி மூச்சுக்கு வர வேண்டும். இந்தத் திரும்பி வருதல்தான் பயிற்சி. பத்து நிமிடத்தில் ஐம்பது தடவை ஓடினாலும் ஐம்பது தடவை திரும்பினால் போதும், அன்றைக்கு நீங்கள் நன்றாகவே செய்திருக்கிறீர்கள். தண்ணீர் வேறு மடையில் புகுந்துவிட்டால் எந்த விவசாயியும் தண்ணீரைத் திட்டிக்கொண்டு வரப்பில் உட்கார்ந்திருக்க மாட்டார். மண்வெட்டியோடு போய் அடைத்துவிட்டு வருவார். மனசிடமும் அப்படி நடந்துகொள்ளலாம். தன்னைத்தானே கடிந்துகொள்வதால் படபடப்புதான் கூடுகிறது. அமைதி தேடி உட்கார்ந்தவருக்கு அதைவிடக் கெடுதல் வேறு இல்லை.

மூச்சைக் கவனிப்பது வேறு, மூச்சை அடக்குவது வேறு. இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வது, எனக்குத் தெரிந்தவரை, உடம்புக்கு நேரடியாகத் தீங்கு செய்யக்கூடிய தவறு. திருமந்திரத்தில் மூச்சை 16 மாத்திரை (பழைய கால அளவு) இழுத்து, 64 மாத்திரை நிறுத்தி, 32 மாத்திரை விட வேண்டும் என்று ஒரு கணக்கு வருகிறது. கேட்கப் பெருமையாக இருக்கும். ஆனால் அது குருவின் கண்பார்வையில் படிப்படியாகப் பழகியவர்களுக்கான அளவு. அதைக் காணொளியில் பார்த்துவிட்டு மறுநாள் காலையே 64 எண்ணி மூச்சைப் பிடித்தால் தலை சுற்றும், நெஞ்சு படபடக்கும். ரத்தக்கொதிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மூச்சை நிறுத்தும் பயிற்சியையும் கபாலபாதி போன்ற வேகமான மூச்சுப் பயிற்சியையும் தாமாகத் தொடவே கூடாது. தொடக்கத்தில் இயல்பாக இழுத்து, விடுவதை மட்டும் கொஞ்சம் நீளமாக்கினால் போதும். மூச்சு வெளியேறும்போது இதயத் துடிப்பு சற்றுத் தணிவது உடம்பின் இயல்பு. அமைதிக்கு அதுவே நல்ல தொடக்கம்.

அடுத்தது உட்காரும் விதம். சம்மணம் போடாவிட்டால் தியானம் ஆகாது என்று எத்தனை வகுப்புகளில் சொல்கிறார்கள்! இருபது முப்பது வருஷம் சேற்றில் குனிந்து நாற்று நட்ட பெண்களின் முழங்காலும் இடுப்பும் எப்படி இருக்கும் என்று இங்கே யாருக்கும் சொல்லித் தர வேண்டியதில்லை. அவர்களைச் சிமெண்டுத் தரையில் அரை மணி நேரம் சம்மணம் போடச் சொன்னால் மூச்சு எங்கே கவனத்துக்கு வரும், வலிதான் வரும். நாற்காலியில் இரண்டு பாதமும் தரையில் படும்படி உட்காரலாம். சுவரில் சாய்ந்து காலை நீட்டிக்கொள்ளலாம். அதுவும் முடியாதவர்கள் படுத்துக்கொண்டு, பாதம் முதல் உச்சி வரை ஒவ்வோர் உறுப்பாகக் கவனித்துத் தளர்த்தலாம். இப்படிச் செய்யும்போது தூக்கம் வந்தால் குற்றம் ஒன்றும் இல்லை. உடம்பு கேட்ட ஓய்வு அது. ஆனால் தினமும் தூக்கமே வருகிறது என்றால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு செய்வதை விட்டுவிட்டு நேரத்தை மாற்றிப் பாருங்கள்.

நேரம் என்றதும் பிரம்ம முகூர்த்தத்தில்தான் செய்ய வேண்டும் என்று ஆரம்பித்துவிடுவார்கள். இரவு பதினொரு மணிக்குப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுக்கிற பெண்ணை நான்கு மணிக்கு எழுப்பித் தியானம் செய்யச் சொல்வதில் எந்த நியாயமும் இல்லை. தூக்கம் குறைந்தால் எரிச்சல் கூடும். பெற்ற அமைதி பகலுக்குள் கரைந்துவிடும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு கிடைக்கும் பத்து நிமிடம் போதும். சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ போடுகிறவர்கள் சாப்பாட்டு நேரத்தைத் தள்ளிப்போட்டு வெறும் வயிற்றில் நெடுநேரம் உட்காரக் கூடாது. அப்புறம், ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து குறுவை வேலை மும்முரமாகும் நாட்களில் தினம் அரை மணி நேரம் என்று சபதம் எடுக்காதீர்கள். அந்த நாட்களில் ஐந்து நிமிடமே நிறைவு.

இடத்துக்கும் இது பொருந்தும். ஆற்றுப் படித்துறையில் சாயங்காலம் உட்காரலாம் என்று ஆசையாக இருக்கும், கொசு விடாது. வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்காருவதே உத்தமம். மார்கழியில் விடிவதற்குள் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். சத்தம் ஓய்ந்தபின் பார்க்கலாம் என்று காத்திருந்தால் தை பிறந்துவிடும். சத்தத்தையே கவனிக்கலாமே! எங்கிருந்து வருகிறது, எப்போது கூடுகிறது, எப்போது தேய்கிறது என்று கேட்டுக்கொண்டிருப்பதும் முறையான பயிற்சிதான். காணொளியை வைத்துச் செய்கிறவர்கள் நடுவில் விளம்பரம் அலறாதபடி ஒலிப்பதிவை முன்பே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மூச்சு பிடிபடாதவர்களுக்கு ஜபம் நன்றாகப் பொருந்தும். ஐந்தெழுத்தோ, நாகூரில் சொல்லும் திக்ரோ, வேளாங்கண்ணியில் உருட்டும் ஜெபமாலையோ, மனசு பிடித்துக்கொள்ள ஒரு சொல் இருக்கிறது. 108-ஐ முடிக்கும் அவசரத்தில் ஓட்டினால் மட்டும் பலன் இருக்காது. விளக்குச் சுடரைப் பார்ப்பதும் நல்ல முறைதான். சுடர் கண் மட்டத்தில் இருக்கட்டும். கண் எரியும் வரை விறைத்துப் பார்க்காதீர்கள். கண் நீர் அழுத்த நோயோ வலிப்போ உள்ளவர்களும் அண்மையில் கண் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர்களும் இதை விட்டுவிடுவது நல்லது.

விபாசனா பத்து நாள் முகாம் பற்றி அடிக்கடி கேட்கிறார்கள். கோயங்கா 1969 முதல் இந்தியாவில் கற்பித்த முறை அது, கட்டணம் கிடையாது. ஆனால் காலை நான்கு மணிக்கு எழுந்து, யாரிடமும் பேசாமல், நாளுக்குப் பத்து மணி நேரம் போல உட்கார வேண்டும். வாழ்க்கையில் பத்து நிமிடம்கூட உட்கார்ந்து பழகாதவர் ஓய்வெடுக்கப் போகிற இடமாக அதை நினைத்துப் போகக் கூடாது. விண்ணப்பத்தில் மனநலச் சிகிச்சை பற்றிக் கேட்பார்கள். மறைக்கவே மறைக்காதீர்கள்.

ஏனென்றால் கண்ணை மூடியதும் எல்லோருக்கும் அமைதி வந்துவிடுவதில்லை. நாகைக் கடற்கரையில் 2004 டிசம்பர் 26 சுனாமியைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயலில் தென்னையும் கூரையும் போக வெட்டவெளியில் நின்றவர்கள் வேதாரண்யம் பக்கம் இருக்கிறார்கள். அப்படிப்பட்டவர்கள் கண்ணை மூடி மௌனமாக உட்காரும்போது அந்தக் காட்சிகளே திரண்டு வரலாம். பொறுத்துக்கொண்டு உட்காருங்கள் என்று பயிற்றுநர் சொன்னால் கேட்க வேண்டாம். கண்ணைத் திறந்துவிடுங்கள். எதிரே இருக்கும் பொருள்களை ஒவ்வொன்றாகப் பாருங்கள். இவர்களுக்கு நடைத் தியானம் ஏற்றது: முற்றத்திலோ மொட்டை மாடியிலோ மெதுவாக நடந்து, பாதம் தரையில் படுவதையும் எடுபடுவதையும் கவனிப்பது. நமக்கும் பிறருக்கும் நலம் வேண்டும் மைத்திரி தியானத்தையும் கண்ணைத் திறந்தே செய்யலாம். பயமோ தூக்கமின்மையோ விடாமல் தொடர்ந்தால் தியானத்தோடு நிறுத்தாமல் மருத்துவரைப் பாருங்கள். 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணில் தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை.

ரத்தக்கொதிப்புக்கோ சர்க்கரைக்கோ மனநலத்துக்கோ சாப்பிடும் மாத்திரையைத் தியானம் தொடங்கிய தைரியத்தில் நிறுத்தாதீர்கள். அளவைக் குறைப்பதானாலும் அதைச் சொல்ல வேண்டியவர் மருத்துவர். மாத்திரையை விட்டுவிடச் சொல்கிற பயிற்றுநர் எவ்வளவு பேர்பெற்றவராக இருந்தாலும் அந்த வகுப்பிலிருந்து அன்றைக்கே எழுந்து வந்துவிடுங்கள்.