ரோபோ ஃபேன் ஃபிக்ஷனுக்கு ஒரு உலகம் கட்டுறது எப்படி? முதல் தடவை எழுதுறவங்களுக்கு

ரோபோ கதைல எனக்கு ரொம்பப் பிடிச்சது சண்டை இல்ல, சண்டை முடிஞ்சு எல்லாரும் கிளம்பினதுக்கு அப்புறம் அந்த ரோபோ எங்க போய் ஒதுங்கும், சார்ஜுக்கு என்ன பண்ணும், யார்கிட்ட புலம்பும்ங்கறதுதான். ஒரிஜினல் கதைல இதுக்கெல்லாம் நேரம் இருக்காது, அதனாலதான் ஃபேன் ஃபிக்ஷன் (பிடிச்ச கதையோட ஆளுங்களையும் உலகத்தையும் வச்சு ரசிகர்களே எழுதுற கதை) எழுதுறவங்க ஆளாளுக்கு ஒரு கிரகத்தையே கட்டி வச்சிருக்காங்க, அதுல சிலது எனக்கு ஒரிஜினலை விட நெருக்கமானது. நீங்களும் கட்டலாம். மேப், ராஜ பரம்பரை, ஆயிரம் வருஷ சரித்திரம் எதுவும் ஆரம்பத்துல வேண்டாம், ரோபோவோட உடம்புல இருந்து ஆரம்பிங்க, மிச்சம் அது பின்னாலயே வரும்.

படி 1: ஒரிஜினல்ல விட்டுப்போன ஒரு இடத்தைப் பிடிங்க

ஹீரோ ரோபோவை எடுக்காதீங்க, அவரைப் பத்தி ஏற்கனவே நிறைய சொல்லியாச்சு. பின்னால டூல்பாக்ஸ் தூக்கிட்டு ஒரே ஒரு சீன்ல போற ரோபோ இருக்கும் பாருங்க, அதை எடுங்க. ஒரு பேப்பர்ல ரெண்டு பத்தி போடுங்க, ஒரு பக்கம் கேனான்ல, அதாவது ஒரிஜினல் கதைல, உறுதியா சொன்னது, இன்னொரு பக்கம் சொல்லாம விட்டது. ரெண்டாவது பத்திதான் உங்க சொத்து.

இது ஏதோ ஃபேன்ஸ் மட்டும் பண்ற வேலைன்னு நினைக்காதீங்க. டிரான்ஸ்ஃபார்மர்ஸ்ங்கற உருமாறும் ரோபோ பொம்மை வரிசை 1984ல வந்தப்போ அதுல நிறைய பொம்மைங்க ஜப்பான்ல டகாரா கம்பெனி ஏற்கனவே வித்துக்கிட்டு இருந்த டயாக்ளோன் பொம்மைங்கதான், அந்தக் கதைப்படி அதெல்லாம் உள்ள மனுஷன் உக்காந்து ஓட்டுற மெஷின். அதே பொம்மையை ஹாஸ்ப்ரோங்கற அமெரிக்க பொம்மை கம்பெனி வாங்கி, மார்வெல் காமிக்ஸ் ஆளுங்க உக்காந்து பேரு, குணம், சொந்த கிரகம் எல்லாம் எழுதினதும் அது உயிருள்ள ஆளாயிடுச்சு. பிளாஸ்டிக் மாறல, சுத்தி இருந்த உலகம்தான் மாறுச்சு, நீங்க பண்ணப் போறதும் இதையேதான்.

படி 2: அதுக்குப் பசிச்சா என்ன ஆகும்?

எனர்ஜி எங்க இருந்து வருதுன்னு முடிவு பண்ணுங்க, இதுக்கு அவசரப்படாதீங்க. நிஜ மெஷின்களைப் பாருங்க, அதுல கதை கொட்டிக் கிடக்கு. செவ்வாய்ல 2004ல இறங்கின ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் (தரையில உருண்டு போய் ஆராயுற ரோபோ வண்டி) 90 நாள் ஓடினா போதும்னு அனுப்பினது, 14 வருஷத்துக்கு மேல ஓடுச்சு. சோலார் பேனல்ல தூசி படியும், கரண்ட் குறையும், அப்புறம் எப்பவாவது காத்தடிச்சு தூசியைத் தள்ளிட்டுப் போகும், மறுபடி தெம்பு வரும். கடைசியா 2018ல கிரகத்தையே மூடுற அளவுக்கு ஒரு தூசிப் புயல் வந்து வெயிலை மறைச்சுது, அதோட பேச்சு நின்னுபோச்சு. இத படிக்கும்போது எனக்கு இன்னமும் தொண்டை அடைக்கும்.

சரி, நம்ம ரோபோவையும் ஒரு தூசி கிரகத்துல விடுவோம். முதுகுல பேனல், வெயில்தான் சாப்பாடு.

படி 3: "அப்போ?"ன்னு கேட்டுக்கிட்டே போங்க

இந்த ஒரு கேள்விதான் மொத்த உலகத்தையும் கட்டும், அதனால இங்க கொஞ்சம் நிதானமா போவோம். பேனல் முதுகுல இருக்கு, தூசி படியுது. அப்போ? துடைக்கணும். ஆனா கை முதுகுக்கு எட்டாது. அப்போ? இன்னொருத்தர் துடைச்சு விடணும். அப்போ? அந்த கிரகத்துல யாரும் தனியா வாழ முடியாது, உங்க முதுகை யார்கிட்ட காட்டுறீங்கங்கறது உயிர் விஷயம். அப்போ கல்யாணம்னு ஒண்ணு இருந்தா அதுல மோதிரம் இருக்காது, ஒருத்தர் முதுகை ஒருத்தர் துடைக்கிறதா சத்தியம் பண்ணுவாங்க. தண்டனைன்னா ஜெயில் இல்ல, இனிமே இவருக்கு யாரும் துடைக்கக் கூடாதுன்னு ஊர் முடிவு பண்றது, அவ்வளவுதான், மத்ததை தூசி பார்த்துக்கும். காத்து நல்லா அடிக்கிற மேட்டு நிலம் யார் கையில இருக்கோ அவங்கதான் பணக்காரங்க, ஏன்னா அவங்களுக்கு யார் தயவும் தேவையில்ல, அதனாலயே அவங்களுக்கு நண்பர்களும் இல்ல!

பார்த்தீங்களா, காதல், சட்டம், ஏழை பணக்காரன் எல்லாமே கை முதுகுக்கு எட்டலங்கற ஒரே விஷயத்துல இருந்து வந்துடுச்சு. உங்க ரோபோவுக்கு பேட்டரின்னா குளிர்ல பேட்டரி சீக்கிரம் இறங்கும்ங்கறதை வச்சு இதே மாதிரி போங்க, உடம்பு ஹைட்ராலிக்னா எண்ணெய் குளிர்ல கெட்டியாகி அசைவு மந்தமாகும், அதுல இருந்து போங்க. ஒவ்வொண்ணும் வேற வேற சமூகத்துல போய் நிக்கும்.

படி 4: நேரம், பேச்சு

டிரான்ஸ்ஃபார்மர்ஸ் மார்வெல் காமிக்ஸ்ல ஒரு வோர்ன்னா 83 வருஷம், ஒரு ப்ரீம்னா 8.3 நிமிஷம். அதைப் பிடிச்சுக்கிட்டு ஃபேன்ஸ் கதை கதையா எழுதித் தள்ளிட்டாங்க, ஏன்னா ஒரு ரோபோ "ஒரு வோர்னா உன்னைத் தேடுறேன்"னு சொன்னா அது ஒரு மனுஷ ஆயுசு. உங்க உலகத்துக்கும் ரெண்டு அளவு போதும், ஒண்ணு பெருசு ஒண்ணு சின்னது. நம்ம தூசி கிரகத்துல வயசைப் புயல்ல எண்ணலாம், "அவன் நாலு புயல் பார்த்தவன்". திட்டுறதுக்கும் ஒரு வார்த்தை யோசிச்சு வைங்க, நம்ம ஊர்ல அது "துடைக்காதவன்".

படி 5: ஒரே ஒரு பெரிய பொய்

நடக்கவே முடியாத விஷயம் ஒண்ணை வச்சுக்கலாம், ஆனா அதுக்கு விதி வேணும். 1979ல ஜப்பான்ல வந்த கண்டம் (Gundam) அனிமே தொடர்ல ராடார், மிஸைல் எல்லாம் இருக்கிற காலத்துல எதுக்குடா மாபெரும் ரோபோ கிட்ட வந்து அடிச்சுக்கணும்னு கேள்வி வரும், அதுக்கு மினோவ்ஸ்கி துகள்னு ஒண்ணை வச்சாங்க, அது பரவின இடத்துல ராடார் வேலை செய்யாது, அதனால கண்ணுக்குத் தெரியற தூரத்துல வந்து மோதித்தான் ஆகணும். ஒரு பொய்யைச் சொல்லி அதுக்கு கடைசி வரைக்கும் கட்டுப்பட்டாங்க, அதனாலதான் நம்ம நம்புறோம். உங்க பொய்யையும் ஒரு வரில எழுதி, அது எங்க வேலை செய்யாதுங்கறதையும் பக்கத்துலயே எழுதிடுங்க.

படி 6: இப்போ எழுதுங்க, ஆனா பாடம் எடுக்காதீங்க

"இந்த கிரகத்தில் தூசி அதிகம், எனவே ரோபோக்கள் ஒருவருக்கொருவர் பேனலைத் துடைப்பது வழக்கம்" அப்படின்னு ஆரம்பிச்சா படிக்கிறவங்க ஓடிடுவாங்க. இப்படி எழுதிப் பாருங்க:

துணியை நீட்டினான். அவ வாங்கல.
"ரெண்டு நாளாச்சு," அவன் சொன்னான். "குரல் இழுக்குது உனக்கு."
"தெரியும்."
"திரும்பு."
ரொம்ப நேரம் கழிச்சு அவ திரும்பினா.

எந்த விளக்கமும் இல்ல, ஆனா ஏதோ சண்டை, அவளுக்கு சார்ஜ் இறங்குது, முதுகைக் காட்டுறதுன்னா மன்னிக்கிறதுன்னு எல்லாமே புரிஞ்சுடும். நீங்க யோசிச்சு வச்சதுல முக்கால்வாசி கதைக்குள்ள வராது, வர வேண்டியதும் இல்ல, அது இருக்கறதாலதான் இந்த அஞ்சு வரிக்கு கனம் வருது.

படி 7: போஸ்ட் பண்றதுக்கு முன்னாடி

எந்த ஃபேன்டம் (எந்தக் கதையோட ரசிகர் கூட்டம்), எந்த கேரக்டர்னு டேக் போடுங்க, ஒரிஜினல் உலகத்தையே மாத்தியிருந்தா ஏயூன்னு (AU, ஆல்டர்நேட் யுனிவர்ஸ், அதாவது மாற்று உலகம்) கட்டாயம் போடுங்க. இன்னொரு ஃபேன் உருவாக்குன வார்த்தையோ வழக்கமோ எடுத்திருந்தா அவங்ககிட்ட கேட்டுட்டு, பேரைச் சொல்லி நன்றி போடுங்க. அப்புறம் விதிகளை எல்லாம் ஒரே ஃபைல்ல சேர்த்து வைங்க, புயல் எவ்வளவு நாளைக்கு ஒரு தடவை வரும், துடைக்காம எத்தனை நாள் தாங்கும், பொய் எங்க வேலை செய்யாது, எல்லாம். ரெண்டாவது சாப்டர் எழுத உக்காரும்போது முதல்ல அந்த ஃபைலைத் திறங்க, அதுல இன்னும் "அப்போ?" கேக்காத வரி ஒண்ணு இருக்கும், அங்க இருந்து ஆரம்பிங்க.