சனிக்கிழமை மேட்சுக்கு முந்தைய வாரம்

நியூ ஜெர்சியில் எங்கள் ஊர் லிட்டில் லீகில் 11, 12 வயதுப் பிள்ளைகளுக்குப் பேஸ்பால் சொல்லித் தருகிறேன். கிரிக்கெட் ஆடி வளர்ந்தவன்தான். சனிக்கிழமை முக்கியமான மேட்ச் என்றால், செவ்வாய்க்கிழமை மேட்சிலேயே ஒரு நோட்டுடன் உட்காருங்கள்.

இந்த வயதில் ஒரு பிட்சர், அதாவது மட்டைக்காரனுக்குப் பந்து எறிகிறவன், ஒரு நாளைக்கு 85 பந்துதான் எறியலாம். ஆனால் கவனிக்க வேண்டிய எண் 65. அதற்குள் நிறுத்தினால் மூன்று நாள் ஓய்வு, சனிக்கிழமை எறியலாம். 66 ஆகிவிட்டால் நான்கு நாள், சனிக்கிழமை போச்சு. போன வருடம் அரட்டையில் எண்ண மறந்து, எங்கள் நல்ல பிட்சரை 71 வரை எறிய விட்டேன். அரையிறுதியில் அவன் வேலியோரம் சூரியகாந்தி விதை கொறித்துக்கொண்டிருந்தான். என் தப்புதான்.

புதன், வியாழன் இரண்டு நாளும் தரைப்பந்துக்கே, அதாவது தரையில் உருண்டு வரும் பந்தை எடுத்து எறியும் பயிற்சிக்கே. இந்த வயதில் மேட்ச் கைவிட்டுப் போவது பெரும்பாலும் அடிக்காததால் இல்லை, எடுத்த பந்தைக் கண்டபடி எறிவதால். கால்களை அகட்டிக் குனிந்து, கிளவின் விரல்நுனி மண்ணைத் தொட வேண்டும். பந்து உள்ளே வந்ததும் டப்பாவை மூடுகிற மாதிரி மறு கையால் மூடவேண்டும். அப்புறம் அடித்தவன் ஓடிப்போய்த் தொட வேண்டிய முதல் பேஸைப் பார்த்து ஓரடி வைத்து எறிய வேண்டும். சும்மா எறிய விடாதீர்கள். ஒவ்வொரு பந்துக்கும் ஒரு பையனை நிஜமாகவே ஓட விடுங்கள். பேஸுக்குப் பேஸ் 60 அடிதான், பதற்றம் தானாக வந்துவிடும். பழக வேண்டியது அந்தப் பதற்றத்தோடுதான்.

ஞாயிறுதோறும் அப்பாவோடு கிரிக்கெட் ஆடும் பிள்ளைகளுக்குத் தனியாகப் பத்து நிமிடம் ஒதுக்குங்கள். அடித்ததும் மட்டையைத் தூக்கிக்கொண்டே ஓடுவார்கள். கீழே போடப் பழக்க வேண்டும். விசிறியடிக்கவும் கூடாது. முதல் பேஸை மிதித்து அதே வேகத்தில் தாண்டி ஓடலாம். இரண்டாவது, மூன்றாவதில் தாண்டினால் தொட்டு அவுட்டாக்கிவிடுவார்கள்.

வெள்ளிக்கிழமை புதிதாக எதுவும் வேண்டாம். சைகைகளை ஒருமுறை சரிபார்த்து, அரை மணியில் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். பேட்டிங் வரிசையையும் அன்றைக்கே சொல்லிவிடுவேன். கடைசியில் இறங்குகிறவன் அழுவதாக இருந்தால் வீட்டில் அழுது முடித்துவிட்டு வருவான்.