ஷேடர் எஃபெக்டுகளைக் கோத்து எழுத ஒரு எளிய ஏபிஐ

வெப்ஜிஎல் 2-இல் (உலாவிக்குள் கிராஃபிக்ஸ் சிப்பைக் கொண்டு வரையும் வசதி) ஒரு படத்தை மங்கலாக்கி, சாம்பல் நிறமாக்கி, ஓரங்களை இருட்டாக்க வேண்டியிருந்தது. தனித்தனியாக மூன்றும் நன்றாக ஓடின. கோத்ததும் திரை கறுப்பாகிவிட்டது. அதைச் சரிசெய்தபோது அமைந்ததுதான் இந்த ஏபிஐ, அதாவது நிரலில் அழைக்கும் செயல்பாடுகளின் தொகுப்பு. ஷேடரை (கிராஃபிக்ஸ் சிப்பில் ஓடும் சிறு நிரல்) கம்பைல் செய்ய, டெக்ஸ்ச்சர் (ஷேடர் படிக்கும் படம்) உருவாக்க உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொள்கிறேன்.

முதலில், பயன்படுத்துபவர் எழுதப்போகும் வரியை எழுதிவிடுங்கள்:

சங்கிலி(படம்).மங்கல்(4).சாம்பல்(0.6).ஓரஇருள்(0.3).வரை()

ஜாவாஸ்கிரிப்ட் தமிழ்ப் பெயர்களை ஏற்கும். ஷேடருக்குள் மட்டும் ஆங்கில எழுத்துதான்.

அடுத்து, மங்கல் என்று அழைத்தவுடன் எதையும் வரையாதீர்கள். எந்த ஷேடர், என்ன மதிப்பு என்று பட்டியலில் சேர்த்துவிட்டு அந்தச் சங்கிலியையே திருப்பித் தந்தால் போதும். வரை() வரும்போதுதான் கடைசி பாஸ் (ஷேடரை ஒரு முறை ஓட்டி வரைவது) எது என்று தெரியும். அது மட்டும் நேராகத் திரைக்குப் போகும்.

இடையில் உள்ள பாஸ்களுக்கு ஃப்ரேம்பஃபரோடு (திரைக்குப் பதிலாக வரையும் இடம்) இணைத்த இரண்டு டெக்ஸ்ச்சர்கள் போதும், பாஸ் எத்தனை இருந்தாலும். ஒன்றைப் படித்து மற்றதில் எழுத வேண்டும், பிறகு இடம் மாற்ற வேண்டும். 1920×1080 அளவில், பிக்சலுக்கு 4 பைட் என்றால், ஒரு டெக்ஸ்ச்சருக்கே சுமார் 8 எம்பி போகும். எஃபெக்டுக்கு ஒரு டெக்ஸ்ச்சர் என்று தனித்தனியாக உருவாக்காதீர்கள்.

நான் இரண்டு நாள் மாட்டிக்கொண்டது இந்த இடம் மாற்றுவதில்தான். மங்கலாக்குவது ஒரே எஃபெக்ட், ஆனால் இரண்டு பாஸ்: முதலில் கிடைமட்டம், அப்புறம் செங்குத்து. 9×9 பரப்பை ஒரே பாஸில் செய்தால் பிக்சலுக்கு 81 முறை டெக்ஸ்ச்சரைப் படிக்க வேண்டும். பிரித்தால் 18 போதும். நான் எஃபெக்ட் முடிந்த பிறகுதான் மாற்றிக்கொண்டிருந்தேன். அதனால் செங்குத்து பாஸ், தான் படிக்கும் டெக்ஸ்ச்சரிலேயே எழுதப் பார்த்தது. வெப்ஜிஎல் இதை விடாது. பிழை காட்டி அந்த வரைதலையே தள்ளிவிடும். மங்கல் தனியாக ஓடியபோது இரண்டாவது பாஸ் திரைக்குப் போனதால் எதுவும் தெரியவில்லை. ஆகவே மங்கல்() பட்டியலில் இரண்டு பாஸ்களைச் சேர்க்கட்டும். ஒவ்வொரு பாஸுக்கும் பிறகு மாற்றுங்கள்.

இதைக் கண்டுபிடிக்க ஸ்பெக்டர்.ஜேஎஸ் என்ற உலாவி நீட்டிப்பைத்தான் சொல்வேன். ஒரு ஃப்ரேமைப் பிடித்து, ஒவ்வொரு வரைதலுக்குப் பிறகும் படம் எப்படி இருந்தது என்று காட்டிவிடும். ஏற்கெனவே த்ரீ.ஜேஎஸ் என்ற 3டி நூலகத்தைப் பயன்படுத்துபவர்கள், எஃபெக்டுகளைக் கோக்க அதிலுள்ள எஃபெக்ட்கம்போசரையே எடுத்துக்கொள்ளலாம். வெறும் படத்துக்காக அவ்வளவு பெரிய நூலகத்தை இழுக்க வேண்டாம் என்பது என் கருத்து.

பின்சேர்க்கை: எஃபெக்டைக் கூட்டினால் படம் தலைகீழாகிறது, இன்னொன்றைக் கூட்டினால் நேராகிறது என்று இருவர் கேட்டிருந்தார்கள். ஒவ்வொரு வெர்டெக்ஸ் ஷேடரிலும் (வடிவத்தின் மூலைகளை எங்கே வைப்பது என்று சொல்லும் ஷேடர்) ஒய் அச்சைத் திருப்பியிருப்பீர்கள். படத்தை ஏற்றும்போது ஒரே ஒரு முறை திருப்புங்கள். எல்லா பாஸ்களுக்கும் ஒரே வெர்டெக்ஸ் ஷேடரைக் கொடுங்கள்.

ஒளிச்சிதறல் எஃபெக்டுக்கு (பளிச்சென்ற இடங்களைச் சுற்றி ஒளி பரவுவது போலக் காட்டுவது) மங்கலான படத்தோடு மூலப்படமும் தேவைப்படும். அதை இரண்டாவது டெக்ஸ்ச்சராக எல்லா பாஸுக்கும் அனுப்பிவிடுகிறேன். மூலப்படத்தில் யாரும் எழுதுவதில்லை என்பதால் முன்பு சொன்ன சிக்கல் இங்கே வராது.