ஸ்பானிஷ் பேசுவோர் வீட்டுக்கு விருந்தினராகச் செல்லும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஸ்பானிஷ் கற்பவர்களில் பலர் விமான நிலையத்திலும் விடுதியிலும் உணவகத்திலும் பேச வேண்டியவற்றை நன்றாகப் பயின்றிருப்பார்கள். ஆனால் ஒரு குடும்பம் தங்கள் வீட்டுக்குச் சாப்பிட அழைத்தால், உணவகத்தில் பரிமாறுபவரிடம் பேசிய அதே மொழியை வீட்டுப் பெரியவரிடமும் பேசிவிடுகிறார்கள். இலக்கணத்தில் பிழை இருக்காது. என்றாலும் கேட்பவர் மனத்தில் அது உரசும். மரியாதை வழக்குகள் நாட்டுக்கு நாடு மாறுபடுவதால், உலகிலேயே ஸ்பானிஷ் பேசுவோர் மிகுதியாக வாழும் மெக்சிகோவின் வழக்கை முதன்மையாக வைத்துக்கொண்டு, பிற நாடுகளில் எங்கே வேறுபடுகிறதோ அங்கே மட்டும் அதைக் குறிப்பிடுகிறேன்.

முதல் தவறு வாசலிலேயே நிகழ்கிறது. கதவு திறந்ததும் 'ஓலா' என்று சொல்லிவிட்டு உள்ளே நடந்துவிடுவது மெக்சிகோவில் போதாது. வீட்டார் 'பாசே' அல்லது 'அதெலாந்தே' (உள்ளே வாருங்கள்) என்று அழைத்த பிறகும், வாசலைக் கடக்கும் கணத்தில் 'கோன் பெர்மிசோ' (உங்கள் அனுமதியோடு) என்று சொல்வதே முறை. இதே தொடரை, உட்கார்ந்திருப்பவர்களைக் கடந்து போகும்போதும், சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்போதும் சொல்ல வேண்டும். பதிலாக 'புரோப்பியோ' என்று யாராவது சொன்னால் திகைக்க வேண்டாம். 'தாராளமாக' என்பதே அதன் பொருள். அர்ஜென்டினாவிலும் சிலியிலும் 'பெர்மிசோ' என்ற ஒரு சொல்லே போதும். ஸ்பெயினில் திறந்திருக்கும் கதவருகே நின்று 'செ புவெதே?' (வரலாமா?) என்று கேட்பது வழக்கம். உள்ளே சென்றதும் பொதுவாக ஒரு வணக்கம் வைத்துவிட்டு அமர்ந்துவிடாமல், அங்கிருக்கும் ஒவ்வொருவரிடமும் தனித்தனியே சென்று முகமன் கூறுங்கள். அறிமுகத்தின்போது 'முச்சோ குஸ்தோ' (சந்தித்ததில் மகிழ்ச்சி) என்று சொன்னால் எந்த நாட்டிலும் பொருந்தும். அதே பொருள் தரும் 'என்கந்தாதோ' என்ற சொல்லை ஆண்கள் மட்டுமே அவ்வாறு சொல்ல வேண்டும். பெண்கள் 'என்கந்தாதா' என்று சொல்ல வேண்டும்.

உச்சரிப்பைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். ஆங்கில வழியில் ஸ்பானிஷ் கற்கும் தமிழர்கள், தகரம் ஒலிக்க வேண்டிய இடத்தில் டகரத்தை ஒலித்து, 'குஸ்டோ' என்றும் 'டோன்' என்றும் சொல்லிவிடுகிறார்கள். ஸ்பானிஷில் அந்த எழுத்துகள் நாக்கு பல்லைத் தொட்டு ஒலிப்பவை. 'குஸ்தோ', 'தோன்' என்பவையே சரிக்கு நெருக்கமானவை. அதுபோல 'பாஞோ' (குளியலறை) என்ற சொல்லில் வருவது நம் ஞகரமே. அதை 'பானோ' என்று சொல்ல நமக்கு எந்தத் தேவையும் இல்லை.

மிகுதியான தவறுகள் நிகழ்வது முன்னிலைச் சொற்களில்தான். 'தூ' என்பதற்கும் 'உஸ்தெத்' என்பதற்கும் இடையிலான வேறுபாடு, 'நீ', 'நீங்கள்' என்று பேசிப் பழகிய நமக்கு எளிதில் விளங்கும். சிக்கல் வினைச்சொல்லில் இருக்கிறது. 'உஸ்தெத்' என்ற சொல் படர்க்கை வினையையே ஏற்கும். ஆகவே 'உஸ்தெத் தியேனே' (உங்களிடம் இருக்கிறது) என்பதே சரி. 'உஸ்தெத் தியேனெஸ்' என்றால், 'நீங்கள் வந்தாய்' என்று சொன்னது போல ஆகிவிடும். உடைமைச் சொல்லும் அதற்கேற்ப மாற வேண்டும்: உஸ்தெத் என்று விளித்தவரிடம் 'சு காசா' (உங்கள் வீடு) என்றுதான் சொல்ல வேண்டும், 'து காசா' என்று அல்ல. பாதி வாக்கியத்தில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தாவுவதைவிட, முழுக்க உஸ்தெத் என்றே பேசி முடிப்பது நல்லது. மெக்சிகோவில் நண்பரின் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும், 'தூ என்றே கூப்பிடு' என்று அவர்களாகச் சொல்லும்வரை, உஸ்தெத் என்றே அழையுங்கள். பெயருக்கு முன்னால் ஆண்களுக்கு 'தோன்', பெண்களுக்கு 'தோஞா' சேர்ப்பது கூடுதல் மரியாதை. ஸ்பெயினில் நிலைமை வேறு. அங்கே வயதில் மூத்தவர்கள்கூட விரைவில் 'தூ' என்பதற்கு வந்துவிடுவார்கள்; அவர்கள் கேட்டுக்கொண்ட பிறகும் உஸ்தெத் என்றே தொடர்ந்தால் விலகி நிற்பதாகத் தோன்றும். கொலம்பியாவின் பொகோத்தாவிலோ, நெருங்கிய நண்பர்களும் உடன்பிறந்தவர்களும்கூட ஒருவரையொருவர் உஸ்தெத் என்று அழைப்பதுண்டு என்பதால், அதைக் கேட்டு அவர்களுக்குள் ஏதோ மனக்கசப்பு என்று முடிவுகட்ட வேண்டாம்.

மெக்சிகோவில் 'சு காசா' என்பது குறித்து இன்னொரு நுட்பம் உண்டு. அங்கே பழைய மரியாதையைக் கைவிடாதவர்கள், தங்கள் வீட்டைப் பற்றிப் பேசும்போதே 'உங்கள் வீடு' என்று சொல்வார்கள். 'ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டில் உணவு' என்று ஒருவர் சொன்னால், அவர் அழைப்பது தம் வீட்டுக்குத்தான். அவர் நம் வீட்டுக்கு வரப்போகிறார் என்று எண்ணிக்கொண்டு 'எங்கள் வீட்டிலா?' என்று கேட்டுவிட்டால், அழைத்தவரைத் தர்மசங்கடத்தில் ஆழ்த்திவிடுவோம். நன்றி சொல்லி, நேரத்தைக் கேட்டுக்கொண்டாலே போதும்.

ஏதேனும் கேட்க வேண்டியிருக்கும்போது 'கியேரோ ஆகுவா' (தண்ணீர் வேண்டும்) என்று தொடங்குவது தவறு. 'மெ பொத்ரியா தார் உன் பாசோ தெ ஆகுவா, போர் ஃபவோர்?' (ஒரு குவளை தண்ணீர் தர முடியுமா?) என்பது எங்கும் ஏற்புடையது. மெக்சிகோவிலும் கொலம்பியாவிலும் 'மெ ரெகாலா உன் பாசோ தெ ஆகுவா?' என்றும் கேட்பார்கள். 'ரெகாலா' என்பதற்கு நேர்ப்பொருள் 'பரிசாகத் தருவீர்களா' என்றாலும், அங்கே அது வெறும் பணிவான கேள்விதான். குளியலறை எங்கே என்று கேட்காமல், 'புவெதோ பசார் அல் பாஞோ?' (போகலாமா?) என்று அனுமதி கேளுங்கள். ஸ்பெயினில் கற்றுக்கொண்டு மெக்சிகோவுக்கோ அர்ஜென்டினாவுக்கோ செல்பவர்கள் 'கொஹேர்' என்ற வினையை மறந்துவிட வேண்டும். ஸ்பெயினில் 'எடுத்தல்' என்று சாதாரணமாகப் பொருள்படும் அச்சொல், இவ்விரு நாடுகளிலும் ஆபாசமானது. நாற்காலியை எடுத்துக்கொள்ளக் கேட்கும்போது 'தொமார்' அல்லது 'அகர்ரார்' என்று சொல்லுங்கள். பேசியது காதில் விழாவிட்டால் 'கே?' என்று கேட்பது முரட்டுத்தனமாக ஒலிக்கும், மெக்சிகோவில் 'மாந்தே?' என்றும், மற்ற இடங்களில் 'கோமோ?' அல்லது 'பெர்தோன்?' என்றும் கேட்கலாம்.

உடல்நிலையையும் மனநிலையையும் சொல்லும்போது ஆங்கிலத்தைப் பின்பற்றினால் விபரீதம் நேரும். புழுக்கமாக இருக்கிறது என்பதற்கு 'தெங்கோ கலோர்' என்பதே சரி. 'எஸ்தோய் கலியெந்தே' என்றால் காம உணர்வு மேலிட்டிருக்கிறது என்று பொருள்படும். கூச்சமாக இருக்கிறது என்று சொல்ல நினைத்து 'எம்பராசாதா' என்ற சொல்லைப் பெண்கள் பயன்படுத்தினால், வீட்டார் வாழ்த்துச் சொல்லத் தொடங்கலாம், ஏனென்றால் அது 'கர்ப்பிணி' என்று பொருள்தரும். மெக்சிகோவில் 'மெ தா பேனா' என்பதே கூச்சத்தைக் குறிக்கும்.

உணவு மேசையில், எல்லோரும் உண்ணத் தொடங்கும்போது 'புவென் புரொவெச்சோ' (நன்றாகச் சாப்பிடுங்கள்) என்று சொல்வார்கள். ஸ்பெயினில் 'கே அப்ரொவெச்சே'. பதிலாக 'கிராசியாஸ்' போதும். சைவ உணவு உண்பவர்கள் 'நோ கோமோ கார்னே' என்று மட்டும் சொல்வது பெரிய தவறு. 'கார்னே' என்றதும் பலருக்கு மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும்தான் நினைவுக்கு வரும். ஆகவே அன்போடு கோழி சமைத்து வைத்திருப்பார்கள். 'நோ கோமோ கார்னே, நி போயோ, நி பெஸ்காதோ' (இறைச்சியும் கோழியும் மீனும் உண்பதில்லை) என்று விரித்து, அதையும் அழைப்பு வந்த அன்றே சொல்லிவிட வேண்டும். மெக்சிகோவில் அரைத்த பீன்ஸிலும் 'மந்தேகா' எனப்படும் பன்றிக்கொழுப்பு சேர்ப்பதுண்டு. அர்ஜென்டினாவில் அதே சொல் வெண்ணெயைக் குறிக்கும்!

போதும் என்று மறுப்பதற்கு 'நோ கியேரோ' என்று சொல்லாதீர்கள். முகத்தில் அடித்தாற்போல் இருக்கும். 'அசி எஸ்தோய் பியென், கிராசியாஸ்' (இதுவே போதும், நன்றி) என்று சொல்லி, 'எஸ்தாவா முய் ரீக்கோ' (மிகவும் சுவையாக இருந்தது) என்பதையும் சேர்த்தால் பரிமாறியவர் மனம் குளிரும். மறுபுறம், அர்ஜென்டினாவிலும் உருகுவேயிலும் பலர் ஒரே கோப்பையில் மாறி மாறி மாத்தே எனப்படும் மூலிகைப் பானம் அருந்தும்போது, 'கிராசியாஸ்' என்ற சொல்லுக்கே வேறு வேலை. காலிக் கோப்பையைத் திருப்பித் தரும்போது அதைச் சொன்னால், 'இனி எனக்கு வேண்டாம்' என்று அர்த்தம். அடுத்த சுற்றில் உங்களுக்குக் கோப்பை வராது. இன்னும் அருந்த விரும்பினால் எதுவும் சொல்லாமல் கொடுத்துவிடுங்கள்.

சாப்பிட்டு முடித்த கையோடு கிளம்புவது எந்த ஸ்பானிஷ் வீட்டிலும் நல்லதாகக் கருதப்படுவதில்லை. 'சோப்ரெமேசா' எனப்படும் உணவுக்குப் பிந்தைய உரையாடல் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக நீளக்கூடும், என் பார்வையில் விருந்தின் சிறந்த பகுதியே அதுதான். இடையில் 'லெ அயூதோ என் ஆல்கோ?' (ஏதாவது உதவட்டுமா?) என்று கேட்பது அழகு, வேண்டாம் என்றே பெரும்பாலும் சொல்வார்கள். விடைபெறும்போது 'யா மெ போய்' (நான் கிளம்புகிறேன்) என்று திடுமென எழாமல், நேரமாகிவிட்டதைச் சொல்லி 'மெ ரெதீரோ' (விடைபெறுகிறேன்) என்று தொடங்குங்கள். 'இன்னும் சற்று இருங்கள்' என்ற வற்புறுத்தலுக்கு இடம் விட்டு, 'கிராசியாஸ் போர் ரெசிவிர்மே' (வரவேற்று உபசரித்ததற்கு நன்றி) என்று சொல்லுங்கள். இங்கே 'போர்' வர வேண்டிய இடத்தில் 'பாரா' என்று சொல்வது, நன்றாகப் பேசுபவர்களிடமும் காணப்படும் பிழை. வந்தபோது செய்தது போலவே, சமையலறையில் இருப்பவர்கள் உட்பட ஒவ்வொருவரிடமும் தனித்தனியே விடைபெறுங்கள்.