தென்னாப்பிரிக்காவில் தலைப்பிரசவமா? டூலாவைத் தேடிப் பிடிப்பது முதல் பிரசவ அறை வரை

ஊரில் என்றால் வளைகாப்பு முடிந்த கையோடு அம்மா வீட்டுக்குப் போய்விடலாம். டர்பனுக்கோ ஜொகன்னஸ்பர்க்குக்கோ வேலை விசாவில் வந்து குடித்தனம் நடத்துகிறவர்களுக்கு அது நடக்காது. அம்மாவுக்குக் கிடைக்கும் விசிட்டர் விசா வழக்கமாக 90 நாள்தான். அந்த 90 நாளை எங்கே வைப்பது என்பதுதான் இங்கே ஒவ்வொரு வீட்டிலும் நடக்கும் முதல் விவாதம்.

என்னைக் கேட்டால், அம்மாவைப் பிரசவத்துக்குப் பிந்தைய நாட்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள். பத்தியம் சமைக்க, குழந்தையைக் குளிப்பாட்ட, ராத்திரி இரண்டு மணிக்கு அழும் பிள்ளையைத் தோளில் போட்டு நடக்க அவர்தான் வேண்டும். பிரசவ அறையில் கூட நிற்க ஒரு டூலாவை, அதாவது பிரசவத் துணைக்கென்றே வரும் பெண்ணை, அமர்த்திக்கொள்ளலாம். அதை எப்படிச் செய்வது என்று படிப்படியாகச் சொல்கிறேன்.

1. டூலா எதற்கு, எதற்கு இல்லை

டூலா மருத்துவச்சி அல்ல. ரத்த அழுத்தம் பார்க்க மாட்டார், குழந்தையின் இதயத் துடிப்பைக் கேட்க மாட்டார், கர்ப்பப்பை வாய் எத்தனை சென்டிமீட்டர் திறந்திருக்கிறது என்று சோதிக்க மாட்டார். ‘நான் பார்த்துச் சொல்கிறேன்’ என்று ஒருவர் சொன்னால் அவர் வேண்டாம்.

அவர் செய்வது, வலி வலுத்ததிலிருந்து குழந்தை பிறக்கும்வரை உங்களை விட்டு நகராமல் இருப்பது. நர்ஸுக்கு ஷிஃப்ட் மாறும், டாக்டர் கடைசி நேரத்தில்தான் வருவார், கணவர் பயந்துபோய் நிற்பார். டூலா இடுப்பை அமுக்கிவிடுவார், எப்படி உட்கார்ந்தால் வலி தணியும் என்று காட்டுவார், தண்ணீர் கொடுப்பார், அடுத்து என்ன நடக்கப்போகிறது என்று சொல்வார். கேட்க எளிமையாகத் தெரிந்தாலும் பலன் பெரிது. மருத்துவ ஆய்வுகளைத் திரட்டி அலசும் காக்ரேன் அமைப்பு 2017இல் வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு 17 நாடுகளில் 15,000க்கும் மேற்பட்ட பெண்களின் பிரசவங்களைப் பார்த்தது. தொடர்ந்து ஒருவர் கூடவே இருந்தவர்களுக்கு சிசேரியன் சுமார் கால் பங்கு குறைந்தது; வலி நேரமும் சராசரியாக 40 நிமிடம் போலக் குறைந்தது. அந்தத் துணைகளில் டூலாக்கள் மட்டுமல்ல, உறவினர்களும் மருத்துவமனை ஊழியர்களும் உண்டு. அதனால் டூலா இல்லாவிட்டால் எல்லாம் கெட்டது என்று யாராவது பயமுறுத்தினால் நம்பாதீர்கள்.

2. முதலில் மருத்துவமனை, பிறகு டூலா

பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். இந்த நாட்டில் தனியார் மருத்துவமனைகளில் பத்துப் பிரசவத்தில் ஏழுக்கு மேல் சிசேரியன். உங்கள் கைனி (மகப்பேறு டாக்டர்) 38ஆம் வாரத்திலேயே ஆபரேஷன் தேதி குறிக்கிற பழக்கம் உள்ளவர் என்றால், எவ்வளவு நல்ல டூலாவாலும் அதை மாற்ற முடியாது. ஆகவே முதல் ஸ்கேனிலேயே நேராகக் கேளுங்கள்: உங்களிடம் வருகிறவர்களில் எத்தனை பேருக்குச் சுகப்பிரசவம் ஆகிறது? டூலா வந்தால் உங்களுக்குச் சம்மதமா? பதில் மழுப்பலாக இருந்தால் அதுவே ஒரு பதில். சுகப்பிரசவத்தை விரும்புகிறவர்கள் தனியாகப் பிரசவம் பார்க்கும் மிட்வைஃபையும் (மருத்துவச்சி) விசாரிக்கலாம்; அவர் பெயர் நர்ஸிங் கவுன்சில் இணையப் பதிவேட்டில் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அரசு மருத்துவமனை என்றால் கதை வேறு. மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீடு போன்ற திட்டம்) இல்லாத கர்ப்பிணிகளுக்கு 1994இலிருந்தே அங்கு கட்டணம் கிடையாது. சிக்கல் இல்லாத பிரசவங்களை மிட்வைஃப்களே பார்க்கிறார்கள். ஆனால் பல இடங்களில் லேபர் வார்டு ஒரே கூடம், நடுவில் திரைச்சீலை மட்டும். அதனால் துணைக்கு ஆள் விடுவது அந்தந்த மருத்துவமனையைப் பொறுத்தது. பெண் விரும்பும் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2018இல் பரிந்துரைத்திருக்கிறது. அதை நம்பி வாசலில் போய் நிற்காமல், செக்கப்புக்குப் போகும்போதே அங்குள்ள சிஸ்டரிடம் கேட்டுவிடுங்கள். கணவர், டூலா இருவரையும் விடுவார்களா, ஒருவரை மட்டுமா என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

இடையில் ஒரு எச்சரிக்கை: கர்ப்பமான பிறகு மெடிக்கல் எய்டில் சேர்ந்தால், அந்தப் பிரசவச் செலவை 12 மாதம் வரை ஏற்காமல் இருக்க இங்குள்ள சட்டம் அந்தத் திட்டங்களுக்கு இடம் தருகிறது. கல்யாணமாகி வந்தவுடனே சேர்ந்துவிடுவது புத்திசாலித்தனம். டூலாவின் கட்டணத்தைப் பெரும்பாலும் கைக்காசிலிருந்துதான் கொடுக்க வேண்டியிருக்கும். உங்கள் திட்டம் எதையாவது தருமா என்று ஒரு போன் போட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை.

3. தேடத் தொடங்குவது

ஐந்தாம் மாதத்தில் தொடங்கினால் நிதானமாகத் தேடலாம். டூலா வேலைக்கு இங்கே அரசுப் பதிவு எதுவும் கிடையாது. யார் வேண்டுமானாலும் தன்னை டூலா என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கே பயிற்சி எடுத்தார், எத்தனை பிரசவத்தில் நின்றிருக்கிறார் என்று கேட்பது மரியாதைக் குறைவல்ல. பிரசவ வகுப்பு நடத்துகிறவர்கள், உங்கள் மிட்வைஃப், சமீபத்தில் பிள்ளை பெற்ற பக்கத்து ஃப்ளாட் பெண் என்று நாலு பேரிடம் விசாரியுங்கள்.

பட்டியலில் கோவெண்டர், மூட்லி, பிள்ளை, நாயுடு என்ற பெயர்களைப் பார்த்ததும் ‘நம்மவர், தமிழில் பேசிக்கொள்ளலாம்’ என்று சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். 1860 முதல் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களின் வாரிசுகள் அவர்கள். பெரும்பாலும் வீட்டில் ஆங்கிலம்தான். ஆனாலும் 40 நாள் தீட்டு, பத்தியம், எண்ணெய்க் குளியல் எல்லாம் அவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. அதே நேரத்தில், டர்பன் அரசு மருத்துவமனை என்றால் ஜூலு நன்றாகப் பேசும் டூலா கிடைத்தால் விடாதீர்கள். வார்டில் நர்ஸ்கள் தங்களுக்குள் பேசிக்கொள்வது அவருக்குப் புரியும், உங்களுக்குப் புரியாது.

4. நேரில் பார்த்துப் பேசுவது

இரண்டு மூன்று பேரையாவது பாருங்கள். கணவரும் கூட இருக்கட்டும், ஏனென்றால் அன்றைக்கு இருவரும் சேர்ந்துதான் வேலை செய்ய வேண்டும். கேட்க வேண்டியவை:

எத்தனையாவது வாரத்திலிருந்து போன் அடித்தால் வருவீர்கள்? (38 முதல் 42 வரை என்பது வழக்கம்.)
அதே நாளில் இன்னொருவருக்கும் வலி வந்தால் உங்களுக்குப் பதில் யார் வருவார்? அவரை முன்னாலேயே பார்க்க முடியுமா?
சிசேரியன் என்று முடிவானால் கட்டணம் என்ன ஆகும்?
பிரசவத்துக்கு முன்பும் பின்பும் எத்தனை முறை வீட்டுக்கு வருவீர்கள்?

பதிலைவிட, பேசும் தோரணையைக் கவனியுங்கள். டாக்டர்களையெல்லாம் திட்டிக்கொண்டே இருப்பவர், எபிடியூரல் (முதுகில் போடும் வலி மரத்துப்போகும் ஊசி) போட்டால் நீங்கள் தோற்றுவிட்டதுபோலப் பேசுபவர், தன் பிரசவக் கதையையே அரை மணி நேரம் சொல்பவர், இந்த மூன்று பேரையும் நான் வேண்டாம் என்பேன். ஒத்துப்போனால் எல்லாவற்றையும் எழுத்தில் வாங்கி, முன்பணம் கொடுங்கள்.

5. தமிழ்ச் சீட்டு

வலி உச்சத்துக்குப் போகும்போது ஆபீஸில் சரளமாகப் பேசுகிற ஆங்கிலம் காணாமல் போய்விடும். வாயில் தமிழ்தான் வரும். ஆகவே ஒரு தாளில் ஆங்கில எழுத்தில் சில வார்த்தைகளை எழுதி, பொருளையும் போட்டு டூலாவிடம் கொடுங்கள்: தண்ணி, போதும், தொடாதீங்க, இடுப்பை அமுக்குங்க, குளிருது, வாந்தி வருது.

‘முடியல’ என்பதைத் தனியாகச் சொல்லிவையுங்கள். நாம் அதைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை சொல்வோம். ஒவ்வொரு முறையும் ஊசி கேட்கிறோம் என்று அர்த்தமில்லை. உண்மையிலேயே எபிடியூரல் வேண்டும் என்றால் சொல்வதற்கு ஒரு ரகசியச் சொல் வைத்துக்கொள்ளுங்கள், வலியில் தவறிக்கூட வாயில் வராத சொல்லாக. ‘பொள்ளாச்சி’ மாதிரி. அது காதில் விழாதவரை டூலாவும் கணவரும் உங்களைத் தேற்றிக்கொண்டே இருக்கலாம். விழுந்தால் உடனே சிஸ்டரைக் கூப்பிட வேண்டும். வாக்குவாதம் கூடாது.

6. முன்கூட்டி வரும் நாட்களில்

டூலா வீட்டுக்கு வரும்போது டீயும் முறுக்கும் கொடுத்து அனுப்பிவிடாமல், கணவரைத் தரையில் உட்காரவைத்துப் பழக்குங்கள். முதுகின் அடிப்பகுதி எலும்பில் உள்ளங்கையை வைத்து எவ்வளவு அழுத்த வேண்டும் என்பது செய்து பார்த்தால்தான் பிடிபடும்; ஆண்கள் முதலில் தடவிக்கொடுப்பதுபோலத்தான் அமுக்குகிறார்கள். முட்டி போட்டுக் கைகளை ஊன்றி நிற்பது, பெரிய பந்தின்மேல் சாய்வது, இரண்டையும் பழகுங்கள். உங்கள் விருப்பங்களை ஒரே பக்கத்தில் எழுதி, கைனியிடமும் காட்டிவிடுங்கள். மூன்று பக்கம் எழுதினால் வார்டில் யாரும் படிக்க மாட்டார்கள்.

7. வலி வந்த நாள்

வலி தொடங்கியதும் டூலாவுக்கு ஒரு செய்தி போதும், உடனே வரச்சொல்ல வேண்டியதில்லை. தலைப்பிரசவத்தில் கர்ப்பப்பை வாய் 5 சென்டிமீட்டர் திறக்கவே நிறைய நேரம் ஆகலாம். அதன் பிறகும் 12 மணி நேரம் வரை போகலாம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு வலி, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், இப்படி ஒரு மணி நேரம் நீடித்தால் கிளம்புங்கள். மருத்துவமனை தூரம் என்றாலோ டாக்டர் வேறு மாதிரி சொல்லியிருந்தாலோ அதற்கும் முன்பே.

ரத்தப்போக்கு, குழந்தையின் அசைவு குறைவது, பனிக்குட நீர் பச்சையாக வருவது, கடுமையான தலைவலியோடு கண் மங்குவது, காய்ச்சல்: இவற்றில் எது வந்தாலும் டூலாவுக்கு போன் போட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நேராக மருத்துவமனைக்கு. ஆம்புலன்ஸுக்கு 10177, மொபைலிலிருந்து 112.

அறைக்குள் டாக்டர் ஏதாவது செய்யப்போகிறேன் என்றால், டூலா உங்களுக்காக வாதாட மாட்டார், வாதாடவும் கூடாது. கேள்விகளை உங்களுக்கு நினைவூட்டுவார்: இதனால் என்ன நன்மை, என்ன ஆபத்து, வேறு வழி உண்டா, ஒரு மணி நேரம் பொறுத்தால் என்ன ஆகும்? அவசரம் என்று டாக்டர் சொன்னால் கேள்விகள் அப்புறம்.

ஆபரேஷன் தியேட்டருக்குப் போக நேர்ந்தால் பெரும்பாலும் ஒருவரைத்தான் உள்ளே விடுவார்கள். அது கணவரா டூலாவா என்று முதலிலேயே முடிவு செய்யுங்கள். வாசலில் நின்று ‘நீங்க போங்க, இல்ல நீங்க போங்க’ என்றால் இருவருமே வெளியே நிற்க வேண்டியதுதான்.

8. வீட்டுக்கு வந்த பிறகு

பிரசவ டூலா பொதுவாக முதல் வாரத்தில் ஒரு முறையாவது வருவார். அன்று அம்மாவையும் உட்காரவையுங்கள். பால் கொடுக்கும்போது பிள்ளை சரியாகக் கவ்வுகிறதா என்று இருவரும் சேர்ந்து பார்க்கட்டும். நீங்கள் தண்ணீர் குடித்தால் குழந்தைக்குச் சளி பிடிக்கும் என்று அம்மா சொம்பை ஒளித்துவைத்திருந்தால், அதை டூலா எடுத்துச் சொல்வது நீங்கள் சொல்வதைவிட நன்றாக எடுபடும்.

காரணமில்லாத அழுகையும் எரிச்சலும் முதல் சில நாட்களில் பலருக்கு வரும். இரண்டு வாரம் தாண்டியும் தொடர்ந்தாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்காமல் போனாலோ டூலாவிடம் மனம்விட்டுச் சொல்லுங்கள். ஆனால் சிகிச்சை அவர் கையில் இல்லை; அன்றே கிளினிக்கில் அல்லது உங்கள் டாக்டரிடம் காட்டுங்கள், கூடவே வரும்படி டூலாவையும் கேட்கலாம்.